ரப்பர் உடைக்குள் இருப்பவர் யார்? அசுரப் பிறவிகளாக நடிப்பவர்களின் தொழில் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜப்பானிய சினிமாவின் ராட்சதப் பிராணியான காட்ஸில்லாவின் பழைய படங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "அது வேறொன்றும் இல்லை, ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு ஓர் ஆள் நடக்கிறான்." ரப்பர் உடை உண்மை, அதற்குள் ஆள் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த "நடக்கிறான்" என்ற ஒரு சொல் மட்டும் சரியில்லை. இரண்டு மீட்டர் உயர உடைக்குள் நிற்கும் ஒரு மனிதர், பார்ப்பவர் கண்ணுக்கு ஐம்பது மீட்டர் உயரப் பிராணியாகத் தெரிய வேண்டுமென்றால் அவர் வெறுமனே நடந்தால் போதாது. இந்தத் தொழிலைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லிலிருந்தே கிளம்புகின்றன. உள்ளே யார் இருந்தாலும் ஒன்றுதான் என்பது ஒன்று. மிருகம் மெதுவாக அசைவதற்கு உடையின் கனமே காரணம் என்பது இன்னொன்று. கிராஃபிக்ஸ் வந்தபின் இந்த நடிகர்களுக்கு வேலையே இல்லை என்பது மற்றொன்று. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலை முதல் வால் வரை ஒரு பிராணியின் முழு உருவத்தையும் தாங்கிய உடையை இந்தக் கட்டுரையில் உருவ உடை என்று அழைப்போம். அதை அணிந்து நடிப்பவர் உருவ உடை நடிகர்.

ஹெல்மெட்டோடு பேசிப் பாருங்கள்

முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பெட்ரோல் பங்கில் நிற்கிறீர்கள். எவ்வளவுக்குப் போட வேண்டும் என்று ஊழியர் கேட்கிறார். நீங்கள் சிரிப்பது அவருக்குத் தெரியாது. சொல்வது பாதிதான் கேட்கும். உங்களை அறியாமலே தலையை வழக்கத்தைவிடப் பெரிதாக ஆட்டுகிறீர்கள், விரலால் எண்ணைக் காட்டுகிறீர்கள், அவர் புரிந்துகொண்டாரா என்று பார்க்க உடம்பையே அவர் பக்கம் திருப்புகிறீர்கள். முகம் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சில நொடிகளுக்கு உடல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

உருவ உடை நடிப்பின் தொடக்கப் பாடம் இதுதான். சாதாரண நடிகருக்குக் கண், புருவம், உதடு, குரல் என்று எத்தனையோ கருவிகள் உண்டு. உருவ உடை அணிந்தவரிடமிருந்து இவை ஏறக்குறைய முழுவதும் பறிக்கப்படுகின்றன. எஞ்சுவது நிற்கும் விதம், திரும்பும் வேகம், மூச்சு, எந்த உறுப்பு முதலில் அசைகிறது என்ற வரிசை ஆகியவை மட்டுமே. இந்த வரிசை சாதாரணமானதல்ல. ஒரு சத்தம் கேட்டதும் தலை முதலில் திரும்பி, தோள் பிறகு திரும்பினால் அந்தப் பிராணி யோசிக்கிறது என்று நமக்குத் தோன்றும். தலையும் உடலும் ஒன்றாகத் திரும்பினால் அது பாயப் போகிறது என்று தோன்றும். உடையில் இருப்பது ஒரே அசையாத முகம்தான். அதன் பொருளை மாற்றுவது உள்ளிருக்கும் உடல்.

இன்றைய உருவ உடை நடிகர்களில் மிகவும் அறியப்பட்டவரான அமெரிக்கர் டக் ஜோன்ஸ் இந்தத் துறைக்கு மைம் வழியாக வந்தது இதனால்தான். மைம் என்பது சொல்லே இல்லாமல் உடலசைவால் மட்டும் கதை சொல்லும் கலை. கல்லூரி நாள்களில் அவர் அதைப் பயின்றவர். ஆறடி மூன்றங்குலத்துக்கு மேல் உயரம், மெலிந்த தேகம், உடலை விரும்பியபடி வளைக்கும் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து, அவரை மனிதச் சாயல் குறைந்த பாத்திரங்களுக்கு ஏற்றவராக ஆக்கின. 2017இல் வெளியாகிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தின் நீர்வாழ் மனிதன் அவர்தான். ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்தப் பிராணி, காதலிக்கிறது என்று பார்ப்பவரை நம்ப வைக்கிறது.

சுருக்கமாக: உருவ உடை முகத்தையும் குரலையும் எடுத்துக்கொள்கிறது. நடிகர் அந்த இழப்பை அசைவின் அளவாலும் வரிசையாலும் ஈடு செய்கிறார். ஆகவே உள்ளே ஆள் மாறினால் பிராணியும் மாறிவிடும்.

தேங்காயும் தீப்பெட்டியும்: மிருகத்துக்குக் கனம் எங்கிருந்து வருகிறது?

இதுவே இந்தக் கட்டுரையின் மையம். கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

எண்பது சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து ஒரு தீப்பெட்டி தவறி விழுகிறது. தரையைத் தொட அதற்கு ஏறத்தாழ 0.4 நொடி போதும். பிடிக்கக் கையை நீட்டுவதற்குள் விழுந்துவிடும். இருபது மீட்டர் உயரத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுந்தால் அதற்கு ஏறத்தாழ 2 நொடி ஆகிறது, "ஐயோ, தள்ளு!" என்று கத்த நேரம் இருக்கிறது. தென்னையின் உயரம் மேசையைப் போல் 25 மடங்கு. ஆனால் நேரமோ 25 மடங்கு ஆகவில்லை. 5 மடங்குதான் ஆகியிருக்கிறது. உயரம் 4 மடங்கானால் விழும் நேரம் 2 மடங்கு, 9 மடங்கானால் 3 மடங்கு, 25 மடங்கானால் 5 மடங்கு. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 25 வருமோ அதுவே 25இன் வர்க்கமூலம்; விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது.

நாம் பிறந்ததிலிருந்து பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு சுவர் எவ்வளவு நேரத்தில் சரிகிறது என்பதைக் கொண்டே அது எவ்வளவு பெரியது என்பதைக் கண் கணித்துவிடும். கணக்குத் தெரியாதவருக்கும் இது தெரியும். சினிமா இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

1954இல் ஜப்பானின் டோஹோ நிறுவனம் முதல் காட்ஸில்லா படத்தை எடுத்தபோது, கதைப்படி அந்தப் பிராணியின் உயரம் 50 மீட்டர். உடையின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். அப்படியானால் அது மிதிக்கும் டோக்கியோ நகரமும் 25இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். இவ்வாறு அளவு குறைத்துக் கட்டப்படும் மாதிரி நகரங்களுக்கு மினியேச்சர் என்று பெயர். ஆனால் மினியேச்சர் கட்டடம் இடிந்தால் தீப்பெட்டியைப் போல் சட்டென்று விழுந்துவிடும். பார்ப்பவர் உடனே பொம்மை என்று கண்டுகொள்வார். அதை மாடிக் கட்டடத்தைப் போல விழ வைக்க வேண்டுமானால் விழும் நேரத்தை 5 மடங்கு நீட்ட வேண்டும்.

நீட்டுவதற்கு வழி கேமராவில் இருக்கிறது. திரைப்படம் என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்கள். ஒவ்வொரு நிழற்படமும் ஒரு ஃபிரேம். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். எடுக்கும்போது அதைவிட அதிகமான ஃபிரேம்களைப் பதிவு செய்து, திரையில் வழக்கமான 24 வேகத்திலேயே ஓட்டினால் எல்லாம் மெதுவாகத் தெரியும். கல்யாண வீடியோக்களில் நாம் பார்க்கும் ஸ்லோ மோஷன் இதுவேதான். 25இல் ஒரு பங்கு மினியேச்சருக்கு ஏட்டுக் கணக்கு 24ஐ 5ஆல் பெருக்கி, நொடிக்கு 120 ஃபிரேம் என்று சொல்கிறது. படப்பிடிப்பில் காட்சிக்குத் தகுந்தாற்போல இதைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்வார்கள்.

இப்போது நடிகரிடம் திரும்புவோம். கட்டடத்துக்காக வேகமாக ஓடவிட்ட கேமரா நடிகரையும் சேர்த்தே மெதுவாக்குகிறது. படப்பிடிப்புத் தளத்தில் அவர் அரை நொடியில் வைக்கும் காலடி திரையில் இரண்டரை நொடி நீளும். அதாவது திரையில் தெரியப்போகும் தாளத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, அதைவிடப் பன்மடங்கு வேகமான ஒரு தாளத்தில் அவர் உடலை இயக்க வேண்டும். அதுவும் உடையின் எடையோடு. அவர் சோர்ந்துபோய் மெதுவாக அசைந்தால் திரையில் பிராணி உறைந்துபோனதுபோல் நிற்கும். சின்னதாக ஒரு தடுமாற்றம் நேர்ந்தாலும் அது பெரிய தள்ளாட்டமாகப் பதிவாகிவிடும்.

கேமராவால் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. தண்ணீர்த் துளியின் அளவும் தீச்சுடரின் அளவும் சுருங்குவதில்லை. பழைய படங்களில் கடல் காட்சியும் தீக் காட்சியும் மட்டும் கண்ணை உறுத்துவது இதனால்தான். குறை நடிகரிடம் இல்லை.

சுருக்கமாக: மிருகத்தின் கனத்தைக் கேமராவின் வேகமும் நடிகரின் தாளமும் சேர்ந்தே உண்டாக்குகின்றன. உடையின் கனம் அதற்குத் துணை செய்வதில்லை. பல நேரம் இடைஞ்சலாகவே இருக்கிறது.

வெளிச்சமும் வெக்கையும்

நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்ச நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் 120 ஃபிரேமில் கிடைக்கும். படம் இருட்டாகாமல் இருக்க விளக்கின் ஒளியை ஐந்து மடங்காக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டூடியோ விளக்குகள் ஒளியோடு சேர்த்துப் பெருவெப்பத்தையும் கொட்டியவை. உருவ உடை நடிகர்களின் வியர்வையைப் பற்றிய கதைகளைக் கேட்பவர்கள் உடை தடிமனாக இருந்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிராணியைப் பெரிதாகக் காட்டும் அதே கணக்கு விளக்குகளையும் பெருக்கிவிடுகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

முதல் காட்ஸில்லாவாக நடித்த ஹருவோ நகாஜிமா இதை உடம்பால் அறிந்தவர். 1929 ஜனவரி 1 அன்று ஜப்பானின் யமகட்டா மாகாணத்தில் பிறந்த இவர், டோஹோவில் சிறு வேடங்களும் சண்டைக் காட்சிகளும் செய்துவந்த ஒப்பந்த நடிகர். ‘செவன் சாமுராய்’ படத்துக் கொள்ளையரில் ஒருவர் இவர். காட்ஸில்லாவை முதலில் உருவ உடையில் எடுப்பதாகவே இல்லை. பொம்மையை இம்மியளவு நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் முறையில், 1933இன் ‘கிங் காங்’ போலச் செய்யவே தந்திரக் காட்சி இயக்குநர் எய்ஜி சுபுராயா விரும்பினார். ஆனால் தம்மிடம் இருந்த ஆட்களையும் வசதியையும் வைத்து அப்படிச் செய்தால் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று அவரே கணக்கிட்டார். படமோ 1954 நவம்பரில் வெளியாக வேண்டியிருந்தது. உருவ உடை அந்த நெருக்கடியில் பிறந்த தீர்வு.

முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் நான்கைத் தோளிலும் இடுப்பிலும் காலிலும் பகிர்ந்து கட்டிக்கொண்டதாக நினைத்துப் பாருங்கள். அதை அணிந்து நகாஜிமாவால் சுமார் பத்து மீட்டர் தூரம்தான் போக முடிந்தது. அந்த உடையை இரண்டாக வெட்டி, கால்கள் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு, முழு உருவத்துக்குச் சற்று இலேசான இன்னொன்றைச் செய்தார்கள். அந்தப் படம் முடிவதற்குள் அவர் உடல் எடையில் ஏறத்தாழ ஒன்பது கிலோ குறைந்திருந்தது.

உடையைச் செய்துகொண்டிருந்த நாள்களில் அவர் டோக்கியோவின் உயேனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத பிராணி எப்படி நடக்கும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. இருக்கும் பெரிய பிராணிகள் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எப்படி மாற்றுகின்றன என்பதைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை, "உள்ளே யார் இருந்தால் என்ன" என்று கேட்பவருக்கு இந்த ஒரு செய்தியே போதிய பதில்.

ஒரு டேக் எப்படி நடக்கிறது

உடையின் திறப்பு முதுகில், செதில்களின் மறைவில் இருக்கும். உதவியாளர்கள் பின்னாலிருந்து மூடிவிட்டால் உள்ளே இருப்பவர் தானாக வெளியே வர முடியாது. பிராணியின் தலை நடிகரின் தலைக்கு மேலே இருப்பதால், கழுத்துப் பகுதியில் போட்ட சிறு துளைகள்தான் அவருக்குச் சன்னல். அவற்றின் வழியே எதிரே இருக்கும் கோபுரத்தின் ஒரு கீற்றுத் தெரியும், காலடி தெரியாது. எங்கே எத்தனை அடி என்பதை முன்பே நடந்து பார்த்து, எண்ணி, மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வாலை அவர் ஆட்டுவதில்லை; மேலே பரணில் நிற்பவர்கள் கம்பிகளால் ஆட்டுகிறார்கள். ஆகவே அவருடைய திருப்பமும் அவர்களுடைய இழுப்பும் ஒரே எண்ணிக்கையில் சேர வேண்டும்.

விளக்குகள் எரிகின்றன. கேமரா முழு வேகத்துக்கு வரும் இரைச்சல் எழுகிறது. பத்து அடி முன்னால் வைத்து, இடது தோளால் சுவரைச் சாய்த்து, அது விழுந்து முடியும் முன் அடுத்ததை நோக்கித் திரும்ப வேண்டும். மினியேச்சர் ஒருமுறைதான் இடியும். பிசகினால் தச்சர்கள் மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டும். இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடும். பின்பு முதுகைத் திறந்து அவரை வெளியே எடுக்கும்போது அவருடைய உள்பனியனைப் பிழிந்தால் வியர்வை கொட்டும்.

ஆபத்தும் உண்டு. 1956இல் ரோடான் என்ற பறக்கும் பிராணியாக நகாஜிமா நீர்ப்பரப்புக்கு மேலே கம்பியில் தொங்கியபோது கம்பி அறுந்து விழுந்தார். உடையின் இறக்கைகளும் தண்ணீரும் அடியைத் தாங்கிக்கொண்டதால் தப்பினார்.

எல்லா உடைகளும் ஒன்றல்ல

காட்ஸில்லா வெளியான அதே 1954இல், அமெரிக்காவில் ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ என்ற படம் வந்தது. அதில் ஒரே பிராணிக்கு இரண்டு நடிகர்கள்: நிலத்தில் பென் சாப்மன், நீருக்குள் ரிக்கோ பிரவுனிங். காற்று உருளையை மாட்டினால் குமிழி வரும் என்பதால் பிரவுனிங் மூச்சை அடக்கியே நீந்தினார். கேமராவின் பார்வைக்கு வெளியே உதவியாளர் பிடித்திருக்கும் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் காட்சிக்குள் வருவார். நிலத்தில் நடப்பதும் நீரில் நீந்துவதும் வெவ்வேறு திறன்கள் என்பதால் பாத்திரம் இரண்டாகப் பிரிந்தது.

1979இன் ‘ஏலியன்’ படத்துக்கு வேறொரு தேவை: பார்த்ததும் மனிதன் என்று தோன்றக் கூடாது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த, ஏழடிக்கு நெருங்கிய உயரமும் மிக மெலிந்த கைகால்களும் கொண்ட நைஜீரிய இளைஞர் போலாஜி படேஜோவைத் தேர்ந்து, அவருக்கு மைமும், மெதுவான அசைவுகளைக் கொண்ட தாய் ச்சி என்ற சீன உடற்கலையும் பயிற்றுவித்தார்கள். உயரம் அவருக்குக் கதவைத் திறந்தது. அசைவை அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு வகை, உடையும் ஒப்பனையும் கலந்தது. நுரை ரப்பர் போன்ற மென்மையான பொருள்களில் வார்த்த துண்டுகளை நேரடியாகத் தோலில் ஒட்டுவதற்குப் புராஸ்தெடிக் ஒப்பனை என்று பெயர். ‘பேன்ஸ் லேபிரிந்த்’ படத்தில் டக் ஜோன்ஸ் இப்படி இரண்டு பிராணிகளாக நடித்தார். ஒப்பனைக்கே ஐந்து மணி நேரம் ஆகும். உள்ளங்கைகளில் கண்களைக் கொண்ட வெளிறிய பிராணியாக நடித்தபோது அவர் வெளியே பார்த்தது அந்த முகத்தின் மூக்குத் துளைகள் வழியாக. தமக்குத் தெரியாத ஸ்பானிய மொழியின் வசனங்களை அவர் முழுவதும் மனப்பாடம் செய்தார். திரையில் கேட்பது வேறொருவர் குரல். இருந்தாலும் உதடு பொருந்த வேண்டுமே! காது, புருவம் போன்ற நுண்ணசைவுகளுக்கு உடைக்குள் சிறு மோட்டார்களைப் பொருத்தி, வெளியிலிருந்து இயக்குவதும் உண்டு. அது அனிமட்ரானிக்ஸ். அப்போது ஒரே முகத்தை இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று சொல்லலாம்.

தொழிலாகப் பார்த்தால்

இத்தனை உழைப்புக்கும் முகம் தெரியாது. பல நேரம் குரலும் தெரியாது. 2004இன் ‘ஹெல்பாய்’ படத்தில் ஜோன்ஸ் நடித்த ஏப் சேப்பியன் என்ற பாத்திரத்துக்கு டேவிட் ஹைட் பியர்ஸ் என்ற நடிகர் குரல் கொடுத்தார். அந்தப் பாத்திரம் ஜோன்ஸுக்கே உரியது என்று கருதி, டைட்டிலில் தம் பெயரைப் போட வேண்டாம் என்று பியர்ஸ் மறுத்துவிட்டார். அடுத்த பாகத்தில் ஜோன்ஸின் சொந்தக் குரலே ஒலித்தது. இந்த நிகழ்ச்சியை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். குரல் கொடுத்தவரே உடலில்தான் நடிப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட இடம் இது.

நகாஜிமாவின் காலத்தில் அப்படிப்பட்ட மரியாதை அரிது. 1954 முதல் 1972 வரை தொடர்ந்து பன்னிரண்டு படங்களில் அவர் காட்ஸில்லாவாக நடித்தார். இடையில் வேறு பல பிராணிகளாகவும் நடித்தார். தொலைக்காட்சி பரவிச் சினிமாத் தொழில் சரிந்த எழுபதுகளின் தொடக்கத்தில் டோஹோ தன் ஒப்பந்த நடிகர்களை விடுவித்தது. பன்னிரண்டு படங்களில் காட்ஸில்லாவாக நடித்தவருக்கு, அதன்பின் நிறுவனத்தின் பவுலிங் கூடத்தில் வேலை கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, முதுமையில், அமெரிக்காவில் ரசிகர் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டபோதுதான் அவருடைய முகத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். 2017 ஆகஸ்டில், 88ஆம் வயதில் காலமானார்.

கிராஃபிக்ஸ் வந்தபின்?

கணினிப் பிராணிக்கும் பல படங்களில் ஒரு மனித உடல் அடித்தளமாக இருக்கிறது. நடிகரின் மூட்டுகளில் குறிகளை ஒட்டி, சுற்றிலும் நிற்கும் கேமராக்கள் அந்தக் குறிகளின் அசைவைப் பதிவு செய்து, கணினியில் வரைந்த உருவத்துக்கு அதே அசைவைக் கொடுப்பது மோஷன் கேப்சர். உருவ உடையில் நடிகரின் மேல் பிராணியைப் போர்த்துகிறார்கள். இதில் நடிகரின் அசைவை மட்டும் எடுத்துப் பிராணிக்குள் வைக்கிறார்கள். வெக்கையும் எடையும் நீங்கிவிடுகின்றன. ஆனால் எடை இல்லாத உடலால் எடையைக் காட்ட வேண்டிய புதிய சிரமம் வந்து சேர்கிறது.

2016இல் டோஹோ மீண்டும் எடுத்த ‘ஷின் காட்ஸில்லா’வில் பிராணி முழுக்கக் கணினியில் உருவானது. அதன் அசைவுக்காக அவர்கள் தேடிப்போனது மன்சாய் நொமுராவை. பல நூற்றாண்டு மரபுள்ள கியோகென் என்ற ஜப்பானிய மேடைக் கலையைப் பரம்பரையாக ஆடிவரும் குடும்பத்தவர் அவர். முகமூடிக்குப் பின்னால் நின்று நடிக்கவும், இடுப்பைத் தாழ்த்திப் பாதத்தைத் தரையோடு இழைத்து நடக்கவும் சிறுவயது முதல் பழகியவர். படத்துக்கு 328 நடிகர்கள் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். படம் வெளியானபோது காட்ஸில்லாவாக அசைந்தவரின் பெயரைச் சொல்லி, இவரே 329ஆவது நடிகர் என்று அறிவித்தார்கள்.